மூன்று கொட்டேஷன், மூன்று கணக்கு: 2 பெட்ரூம் ஃப்ளாட்டுக்கு இன்டீரியர் டிசைனரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

போரூர்_ஃப்ளாட்:
வணக்கம். போரூர் பக்கம் 1,050 சதுர அடி ஃப்ளாட், அடுத்த மாதம் சாவி. கிச்சன், இரண்டு வார்ட்ரோப், டி.வி. யூனிட், ஹாலில் மட்டும் ஃபால்ஸ் சீலிங். இவ்வளவுதான் வேலை. மூன்று இடத்தில் விலை கேட்டாச்சு.

ஷோரூம் கம்பெனி: மொத்தம் 7.2 லட்சம், வார்ட்ரோப் சதுர அடி 1,400, 3டி படம் இலவசம்.
டர்ன்கீ கான்ட்ராக்டர் (மொத்த வேலையையும் தானே எடுத்து முடித்துத் தருபவர்): சதுர அடி வெறும் 450, மொத்தம் எவ்வளவு என்று "அளவெடுத்துட்டுச் சொல்றேன்" என்கிறார்.
தனி டிசைனர்: வரைபடத்துக்கும் மேற்பார்வைக்கும் 80,000 ஃபீஸ். வேலைக்கு ஆள் நாம் வைத்துக்கொள்ள வேண்டும்.

450 எங்கே, 1,400 எங்கே! இதை எப்படி ஒப்பிடுவது? வெறும் டிசைனுக்கு 80,000 தண்டமா?

பட்டறைக்காரன்:
சார், அந்த 450ஐப் பார்த்து ஏமாந்துடாதீங்க. ரெண்டு பேரும் அளக்குற சதுர அடியே வேற. ஷோரூம்காரர் முன்பக்கத்தை மட்டும் அளப்பார். கான்ட்ராக்டர் உள்ள போற ஒவ்வொரு பலகையையும் அளப்பார்.

7 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழம் உள்ள ஒரு வார்ட்ரோப்பை எடுத்துக்குங்க. முன்பக்கம் 49 சதுர அடி. 1,400ன்னா 68,600 ரூபாய். அதையே பலகைக் கணக்குல போடுங்க: ரெண்டு பக்கமும் 28, நடுத்தடுப்பு 14, மேல் கீழ் 28, பின்பலகை 49, கதவு 49, அரை அகலத் தட்டு நாலு 28. மொத்தம் 196. 450ஆல பெருக்கினா 88,200. குறைச்சலா தெரிஞ்ச ரேட்டுதான் இருபதாயிரம் கூட வருது. இதுல டிராயர் இன்னும் சேர்க்கலை. லாஃப்ட்டை ரெண்டு பேருமே தனியாத்தான் போடுவாங்க, அதையும் கேட்டுக்குங்க.

அதனால சதுர அடி ரேட்டை விட்டுடுங்க. ஒரே வரைபடத்தை மூணு பேர்கிட்டயும் கொடுத்து, பொருள் வாரியா மொத்த விலை எழுதி வாங்குங்க. எழுத்துல இருக்க வேண்டியது இது:

பலகை: "வாட்டர்ப்ரூஃப் ப்ளை"ன்னு மட்டும் எழுதினா அர்த்தமே இல்லை. ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 303ல எம்.ஆர். (ஈரப்பதம் தாங்குறது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குறது)னு ரெண்டு தரம் இருக்கு. எம்.ஆர். ஈரப்பதத்தைத்தான் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 710தான் மரைன் ப்ளை. கிச்சன் கீழ்ப்பெட்டி முழுக்க 710 கேளுங்க, குறைஞ்சபட்சம் சிங்க் பெட்டிக்காவது. பெட்ரூமுக்கு 303 போதும். தடிமன் 18 மி.மீ., பின்பலகை 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பலகை வந்து இறங்கும்போது முத்திரையைப் பாருங்க. வெட்டிட்டா, எந்தத் துண்டு எதுலேர்ந்து வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

லேமினேட் (பலகை மேல ஒட்டுற தகடு): வெளியே 1 மி.மீ., உள்ளே 0.8 மி.மீ. உள்பக்கம் பெயின்ட் அடிச்சு விட்டா ஒரு பக்கம் மட்டும் இழுவை அதிகமாகி கதவு வில்லா வளையும். 7 அடிக் கதவுக்கு கீல் நாலுக்குக் குறையக் கூடாது, அஞ்சு போட்டா நல்லது.

கீல், சேனல் (டிராயர் ஓடுற தண்டவாளம்): ஹெட்டிச், ஹேஃபலே, எப்கோ எதுவானாலும் சரி, மாடலும் எண்ணிக்கையும் இருக்கணும். "பிராண்டட் ஹார்டுவேர்"ங்கிற வார்த்தையை அடிச்சுடுங்க.

அப்புறம் அந்த 7.2 லட்சத்துல 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கமா? இல்லைன்னா 1,29,600 கூடும்.

கோடும்_அளவும்:
மேலே சொன்ன "ஒரே வரைபடம்" எங்கிருந்து வரும் என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். அந்த ஃபீஸ் அதற்குத்தான். ஷோரூமின் இலவச 3டி படத்தை வைத்து இன்னொருவரிடம் விலை கேட்க முடியாது, அதில் அளவே இருக்காது. பல இடங்களில் முன்பணம் கட்டும்வரை அளவு வரைபடம் கையில் தரவும் மாட்டார்கள்.

80,000க்கு என்னென்ன கிடைக்கும் என்று பட்டியல் கேளுங்கள்: அறைவாரியாக ஃபர்னிச்சர் லே-அவுட், மின்புள்ளி வரைபடம் (ஸ்விட்ச், ப்ளக் வரும் இடங்கள், தரையிலிருந்து உயரம் குறித்து), ஒவ்வொரு பெட்டிக்கும் வெளித்தோற்றம், உள்தோற்றம் இரண்டும் மி.மீ. அளவோடு, ஃபால்ஸ் சீலிங் வரைபடம், பொருள் பட்டியல். எத்தனை முறை மாற்றித் தருவார், எத்தனை முறை சைட்டுக்கு வருவார் என்பதும் எழுத்தில் வேண்டும். "தேவைப்படும்போது வருவேன்" என்றால் வரமாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் "ஆர்க்கிடெக்ட்" என்ற பட்டத்துக்குத்தான் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. "இன்டீரியர் டிசைனர்" என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைக்கலாம். அதனால் சான்றிதழைவிட, முடித்த வீட்டின் வரைபடத்தைக் கேளுங்கள், புகைப்படம் போதாது. குறைந்தது இரண்டு மழைக்காலம் பார்த்த வீடாக இருந்தால் இன்னும் நல்லது. போய் சிங்க் அடிப்பெட்டியைத் திறந்து, பைப் நுழையும் துளையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஓரம் உப்பி, லேமினேட் தூக்கியிருந்தால் வெட்டிய விளிம்பை சீல் செய்யவில்லை. அங்கே விட்டவர் மற்ற இடத்திலும் விட்டிருப்பார்.

கமிஷன் பற்றியும் கேட்டுவிடுங்கள். ப்ளை கடை, லேமினேட் கடை, லைட் கடை எல்லாமே அழைத்து வருபவருக்குக் கமிஷன் தருவது ஊரறிந்த விஷயம். ஃபீஸ் வாங்குகிறவர் அதையும் சேர்த்து வாங்கக் கூடாது. பில் உங்கள் பெயரில் வரட்டும்.

பணத்தை வேலை நிலையோடு கட்டுங்கள், தேதியோடு அல்ல. ஒப்பந்தத்தில் 10 சதவீதம், பலகை இறங்கியதும் 40, பெட்டிகள் சுவரில் ஏறியதும் 30, கதவும் கீலும் முடிந்ததும் 10. மீதி 10ஐ குறைகள் சரியாகும்வரை பிடித்து வையுங்கள். ஷோரூம்கள் இதற்குச் சுலபத்தில் ஒப்பாது, ஆனாலும் 5 சதவீதமாவது நிறுத்தப் பேசிப் பாருங்கள்.

மாடிவீட்டு_வாசகி:
எனக்கு இதில் மாற்றுக் கருத்து. போரூர் நண்பரே, நீங்கள் முதலில் சொன்ன வேலைப் பட்டியலுக்கு முழு டிசைனர் தேவையில்லை. சுவர் எதையும் இடிக்கவில்லை, அறை எதையும் மாற்றவில்லை. கிச்சன் லே-அவுட்டும் மின்புள்ளி வரைபடமும் மட்டும் ஃபீஸ் கொடுத்து வரைந்து வாங்கி, வார்ட்ரோப்பை ஃபேக்டரியில் செய்ய விடலாம். மெஷினில் ஒட்டிய எட்ஜ் பேண்ட் (பலகை ஓரத்தை மூடும் பட்டி), கையால் ஒட்டியதைவிட அதிக நாள் நிற்கும்.

ஒன்று மட்டும் முதலில் பாருங்கள்: உங்கள் சுவர் செங்கல்லா, மைவான் கான்கிரீட்டா (அலுமினிய அச்சில் ஊற்றி வார்த்த சுவர்)? மைவான் என்றால் சுவரை வெட்டி வயர் பதிக்க பில்டர் விடமாட்டார். கட்டடத்தைத் தாங்குவதே அந்தச் சுவர்தான். கொடுத்த மின்புள்ளியிலேயே டி.வி., மைக்ரோவேவ் அவன், ஏ.சி. எல்லாம் அமைய வேண்டும்.

போரூர்_ஃப்ளாட்:
எல்லோருக்கும் நன்றி. சுவர் மைவான்தான். கிச்சனில் பில்டரே கிரானைட் மேடை போட்டு, கீழே கடப்பா தடுப்பு வைத்திருக்கிறார். ஷோரூம்காரர் கடப்பாவை எடுத்தாக வேண்டும் என்கிறார். இன்னொன்று, வேலை அக்டோபரில்தான் தொடங்கும்போல.

பட்டறைக்காரன்:
டிராயரும் கூடையும் வேணும்னா கடப்பாவை எடுக்கணும், அவர் சொல்றது சரி. ஆனா மேடை எதுமேல நிக்குதுன்னு முதல்ல பாருங்க. அடியில கான்கிரீட் ஸ்லாப் இருந்தா கவலையில்லை. கடப்பா மேலயே கிரானைட் உட்கார்ந்திருந்தா, தடுப்பை உருவின அன்னைக்கே சிங்க் துளைப் பக்கம் விரிசல் விடும். அப்படி இருந்தா கடப்பாவை விட்டுட்டு, ஃப்ரேமும் கதவும் மட்டும் போடுங்க, செலவும் குறையும். தாய்ச்சுவர் நேரா இருக்கான்னு மட்டம் பிடிச்சுப் பாருங்க. மூலையில 2 அங்குல ஃபில்லர் (இடைவெளியை அடைக்கிற பட்டி) விடலைன்னா டிராயர் பக்கத்துக் கைப்பிடியில இடிச்சு பாதிதான் திறக்கும்.

அக்டோபர்னா பெட்டி வேலை ஃபேக்டரியிலயோ பட்டறையிலயோ நடக்கட்டும். மழை ஈரத்துல பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடிச்சா வெள்ளை பூத்துடும், அதை ஜனவரிக்குத் தள்ளிடுங்க, இல்லைன்னா லேமினேட்டோட நிறுத்திக்குங்க. வெளிச்சுவரை ஒட்டி வர்ற வார்ட்ரோப்புக்குப் பின்னால அரை அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்க. ஓதம் வந்தா பின்பலகையிலதான் முதல்ல பூஞ்சை பிடிக்கும்.

ஃபால்ஸ் சீலிங் ஃப்ரேம் ஏறுறதுக்கு முன்னாடி ஏ.சி. காப்பர் பைப்பும் வடிகால் பைப்பும் போயிருக்கணும். வடிகாலுக்குச் சரிவு இருக்கான்னு ஒரு சொம்பு தண்ணி ஊத்திப் பார்த்துட்டு போர்டு அடிக்கச் சொல்லுங்க. அப்புறம், சாவி வாங்குற அன்னைக்கே பாத்ரூம் கசிவு, டைல்ஸைத் தட்டினா வர்ற வெற்று ஓசை எல்லாம் பார்த்து பில்டருக்கு மெயில் போட்டுடுங்க. இன்டீரியர் ஆள் உள்ள வந்த பிறகு எதைக் கேட்டாலும் "உங்க ஆள் உடைச்சது"ன்னு சொல்லிடுவாங்க.