ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகம் பார்த்தவர்களே, விடாமல் துரத்தும் ஒரு காட்சியைச் சொல்லுங்கள்

தரைடிக்கெட்:
2012, லண்டன் குளோப் நாடக அரங்கு. ஐந்து பவுண்டு, நின்றுகொண்டே பார்க்க வேண்டும். எல்லா வேடமும் ஆண்களே கட்டிய ஷேக்ஸ்பியர். சீமாட்டி ஒலிவியாவாக நடித்தவர் மார்க் ரைலன்ஸ். கதை உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன். அந்த நடைதான் என் பிரச்சினை. காலடி தெரியாது, சக்கரம் வைத்ததுபோல் பாவாடை வழுக்கிக்கொண்டு வரும். முதலில் சிரித்தேன். பிறகு செசாரியோ முன்னால் (ஆண் வேடம் போட்ட வயோலாதான்) ஒலிவியா தடுமாறும்போது, "ஐயோ, இந்தப் பெண் யாரைப் போய்க் காதலிக்கிறாள்" என்று பதறிவிட்டது. எந்தப் பெண்? மேடையில்தான் பெண்ணே கிடையாதே!

கடைசிபெஞ்சு:
கல்லூரி ஆண்டு விழாவில் நான்தான் மால்வோலியோ, ஒலிவியா வீட்டுக் காரியஸ்தன். அவள் எழுதியதுபோல் ஒரு போலிக் காதல் கடிதம் போட்டு, அவனை மஞ்சள் காலுறை மாட்ட வைத்துக் கடைசியில் பைத்தியம் என்று அடைத்துவிடுவார்கள். மஞ்சள் காலுறை கிடைக்காமல் கால்பந்து சாக்ஸ் மாட்டிவிட்டார்கள். கடைசிக் காட்சி, உங்கள் எல்லோரையும் பழிவாங்குவேன் என்று நான் கத்த வேண்டும். வாயைத் திறக்கிறேன், இடது சாக்ஸ் கணுக்கால்வரை இறங்கிவிட்டது. குனிந்து இழுத்துவிட்டேன். அரங்கமே விசில். நிமிர்ந்து அந்த வசனத்தைச் சொன்னேன் பாருங்கள், அது நடிப்பே இல்லை. ஒரு காதல் கடிதத்தை நம்பியதற்கு இருட்டறையா?

வயோலாகட்சி:
@கடைசிபெஞ்சு, மால்வோலியோவுக்கு இவ்வளவு கண்ணீர் வேண்டாம். வயோலாவைக் கரைசேர்த்த கப்பல் தலைவனை வழக்குப் போட்டு உள்ளே தள்ளியவன் யார்? அவளுடைய பெண் உடைகள் அந்தத் தலைவனிடம்தானே இருக்கின்றன! கல்யாணப் பேச்சு முடிந்த பிறகும் அவள் ஆண் உடையில்தான் நிற்கிறாள், அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் ஓர்சினோ பிரபுவும் செசாரியோ என்றே கூப்பிடுகிறான். என் அனுபவம் என்று பெரிதாக இல்லை, எம்.ஏ.வில் இதை எழுதி மார்க் போனது.

மழைக்கோட்டு:
நானும் குளோப்தான், ஒலிவியா செசாரியோவுக்கு மோதிரம் அனுப்பும் காட்சி முழுக்க என் கண்ணாடியில் மழைத்தண்ணீர். போகிறவர்கள் கவனியுங்கள்: கூரையில்லாத முற்றத்தில் குடை பிடிக்க விட மாட்டார்கள், கோட்டு எடுத்துப் போங்கள். நாடகம் நடக்கும்போது தரையில் உட்காரக் கூடாது, அதனால் நல்ல செருப்பு முக்கியம். சீக்கிரம் போனால் மேடை விளிம்பில் கை ஊன்றிக்கொள்ளலாம். கதைச்சுருக்கம் படித்துவிட்டுப் போவது நல்லது. வயோலா என்ற பெயரையே கடைசிக் காட்சியில்தான் வாய்விட்டுச் சொல்வார்கள். அப்புறம், முதல்நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள்.

இரட்டைக்கிளவி:
நானும் தம்பியும் இரட்டையர், வயோலாவும் செபாஸ்டியனும் போல. நாடகத்தில் அந்த இருவரையும் ஆள் மாற்றிப் பார்ப்பார்கள். ஆணும் பெண்ணுமாகப் பிறந்தால் அச்சு அசலாக இருக்க மாட்டார்கள், ஷேக்ஸ்பியருக்கு அது தெரியாமலா? அவருக்கே ஹாம்னெட், ஜூடித் என்று ஆணும் பெண்ணுமாக இரட்டையர் இருந்தார்கள். ஹாம்னெட் 1596இல் 11 வயதில் இறந்துவிட்டான். இந்த நாடகம் நடந்ததாகக் கிடைக்கும் முதல் குறிப்பு 1602 பிப்ரவரி. கடைசிக் காட்சியில், கடலில் மூழ்கிப் போனதாக நினைத்த செபாஸ்டியன் எதிரே நிற்கிறான். வயோலா ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. அப்பா நெற்றியில் மச்சம் இருந்தது என்கிறாள். என் அப்பாவுக்கும்தான் என்கிறான் அவன்.

வீட்டில் டிவிடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நம்ம அப்பாவுக்கு இடது காதுக்குப் பின்னாடி" என்றான். அப்பா போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கு அந்த மச்சம் தெரியாது.