சார்ஜர் போட்டா மட்டும் மூணு விரல் ஸ்வைப் வேலை செய்யலை: டச்பேடை மாத்தணுமா?

இலைக்கணக்கு (கோத்தகிரி):
வணக்கம்ங்க. தேயிலை ஃபேக்டரி ஒண்ணுக்கு வீட்டுல இருந்தே பச்சை இலைக் கணக்கு போட்டுக் கொடுக்கிறேன். எடைச்சீட்டு ஒரு பக்கம், எக்ஸெல் ஒரு பக்கம், நடுவுல வாட்ஸ்அப். மூணு விரலை இடம் வலம் தள்ளித்தான் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போவேன். மவுஸ் எனக்குப் பழக்கமே இல்லை.

பேட்டரியில ஓடும்போது ஒரு குறையும் கிடையாது. சார்ஜரைச் சொருகினதும் கர்சர் துள்ளுது. ரெண்டு விரல் வச்சுக் கீழே நகர்த்தினா எக்ஸெல் தானா பெரிசாகுது, சின்னதாகுது. மூணு விரல் ஸ்வைப் எப்பவாவதுதான் எடுக்குது. விண்டோஸ் 11. டிரைவரை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணியாச்சு.

ஐப்பசி மழை விடாம பெய்யுது, வீட்டுக்குள்ள எதைத் தொட்டாலும் ஈரம். அதனாலயா? கடையில காட்டினா "டச்பேட் போயிருச்சு, மாத்திரலாம்"ங்கிறாங்க. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னு.

குன்னூர்_தம்பி:
அக்கா, முதல்ல செட்டிங்ஸ் பாருங்க. புளூடூத் & டிவைசஸ், அதுக்குள்ள டச்பேட். "த்ரீ-ஃபிங்கர் ஜெஸ்சர்ஸ்" திறந்து ஸ்வைப்ல "ஸ்விட்ச் ஆப்ஸ் அண்ட் ஷோ டெஸ்க்டாப்" இருக்கணும். சில அப்டேட்டுக்குப் பிறகு "நத்திங்"னு மாறிக் கிடக்குது. சென்சிடிவிட்டியை ஒரு படி ஏத்தியும் பாருங்க.

இலைக்கணக்கு:
பார்த்தாச்சு தம்பி, சரியாத்தான் இருக்கு. சென்சிடிவிட்டியை ஏத்தினா இன்னும் அதிகமா துள்ளுது.

எர்த்_முக்கியம் (குன்னூர்):
தம்பி சொன்னது தப்பில்லை. ஆனா செட்டிங்ஸ் கோளாறுன்னா பேட்டரியிலயும் வரணுமே? சார்ஜர் போட்டா மட்டும்னு நீங்களே சொல்லிட்டீங்க. ஒரு கேள்வி: சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்போட மெட்டல் பாகத்தைப் புறங்கையால லேசா தடவினா விறுவிறுன்னு இருக்கா? அப்புறம், பிளக்கை எங்க சொருகறீங்க?

இலைக்கணக்கு:
அட, ஆமாங்க! செருப்பு இல்லாம தரையில கால் வச்சா நல்லாவே தெரியுது. பிளக் மூணு பின்தான். போர்டு பழசு, அதனால ரெண்டு பின் கன்வெர்ட்டர் போட்டிருக்கேன். பழைய லைன் வீடுங்க.

எர்த்_முக்கியம்:
அப்போ டச்பேடை மாத்தாதீங்க.

டச்பேட் நீங்க எவ்வளவு அழுத்தறீங்கன்னு பார்த்து விரலைக் கண்டுபிடிக்கிறதில்லை. டச்பேட் மேல்பரப்புக்குக் கீழே மெல்லிய கம்பி வலை மாதிரி ஒண்ணு இருக்கு. விரல் கிட்ட வந்தா அந்த இடத்துல மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கிற அளவு) கொஞ்சூண்டு மாறும், அதைத்தான் அளக்குது. ரொம்ப நுணுக்கமான அளவு. சார்ஜரோ உள்ளே வர்ற கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் வோல்டேஜைக் குறைக்குது. அதுல கிளம்புற இரைச்சல் பெரிய பின் வழியா எர்த்துக்குப் போகணும். நீங்க கன்வெர்ட்டர் போட்டு அந்த வழியை அடைச்சிட்டீங்க. இப்போ லேப்டாப் உடம்பு முழுக்க அந்த இரைச்சல்தான். நீங்க கை வச்சதும் உங்க வழியா தரைக்கு இறங்கப் பார்க்குது. அதோட சார்ஜர்ல இருந்து கொஞ்சம் கசிவுக் கரண்டும் சேர்ந்து இறங்குது, அந்த விறுவிறுப்பு அதுதான்.

எது விரல், எது இரைச்சல்னு டச்பேடுக்குப் புரியாது. ஒரு விரல் வச்சா கர்சர் நடுங்கும். ரெண்டு விரல்னா நடுவுல உள்ள இடைவெளி மாறுற மாதிரி தெரியும், உடனே ஜூம்னு எடுத்துக்கும். மூணு வச்சா அதுல ஒண்ணு பாதியில காணாமப் போகும், ஸ்வைப் அறுந்துரும். நீங்க எழுதின மூணு தொல்லைக்கும் காரணம் ஒண்ணுதான். சென்சிடிவிட்டி ஏத்தினா மோசமாகுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுவும் இதோட ஒத்துப்போகுது.

ஃபேக்டரி ஆபீஸ்ல நல்ல மூணு பின் சாக்கெட் இருக்கும். இதே சார்ஜரை அங்க போட்டுப் பாருங்க. தயவுசெஞ்சு லேப்டாப்ல இருந்து ஒயர் எடுத்துத் தண்ணி பைப்புல கட்டாதீங்க. அப்படி யோசனை சொல்ற ஆளுங்க இருக்காங்க, இந்த மழையில அது உயிருக்கே வினை.

தலைகுந்தா_குளிர்:
ஈரமும் கொஞ்சம் விளையாடும்ங்க. விரல் நனைஞ்சிருந்தா தண்ணியையும் விரல்னு நினைச்சுக்கும், துடைச்சிட்டு தொடுங்க. எங்க பக்கம் உறைபனிக் காலத்துல நேர் எதிர்: தோல் வறண்டு தொட்டதே தெரியாது. கம்பளிக் கையுறைன்னா சுத்தம். வறண்ட விரலுக்குன்னா சென்சிடிவிட்டி ஏத்திப் பார்க்கலாம், கையுறைக்கு அது போதாது. ஆனா இதெல்லாம் சார்ஜர் போட்டாலும் போடலைன்னாலும் வர்றது.

கொடைக்கானல்_லினக்ஸ்:
எனக்கும் மூணு விரல் எடுக்கலை, ஆனா பேட்டரியிலயும்தான். உபுண்டு லினக்ஸ், திரையில எல்லாத்தையும் காட்டுற வேலையை பழைய எக்ஸ்11 பார்க்குது.

குன்னூர்_தம்பி:
அண்ணா, உங்களுது வேற கதை. லாகின் பண்ற இடத்துல பல்சக்கரத்தை அழுத்தி, எக்ஸ்11க்குப் பதிலா வந்த வேலேண்ட் செஷனுக்கு மாறுங்க. உபுண்டுவோட டெஸ்க்டாப்பான க்னோம்ல 40ஆம் பதிப்பு (2021) முதல் அங்க மூணு விரல் ஸ்வைப் தானாவே இருக்கு. எக்ஸ்11லயே இருக்கணும்னா டச்எக்-ங்கிற (Touchégg) ஜெஸ்சர் மென்பொருளைப் போடுங்க.

இலைக்கணக்கு:
ஃபேக்டரியில போட்டுப் பார்த்தேன். அதே லேப்டாப், அதே சார்ஜர், துள்ளலே இல்லை! விறுவிறுப்பும் இல்லை. வீட்டுக்கு வந்து கன்வெர்ட்டரை எடுத்துட்டு சமையலறை மூணு பின் சாக்கெட்ல போட்டா மறுபடி அதேதான்.

எர்த்_முக்கியம்:
சாக்கெட்ல மூணு ஓட்டை இருந்தா எர்த் இருக்குன்னு அர்த்தமில்லைம்மா. பழைய வீடுகள்ல பின்னாடி ஒயரே இருக்காது, இல்லை மண்ணுல உள்ள எர்த் குழிக்குப் போற கம்பி துருப்பிடிச்சு அறுந்திருக்கும். பாறை மண்ணுல கரியும் உப்பும் போட்டு நல்லா குழி எடுத்தாத்தான் எர்த் நிக்கும். வீட்டுக்காரர்கிட்ட சொல்லி எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க. ஹீட்டரும் அதே லைன்லதானே இருக்கும், லேப்டாப்பை விட அதுக்குத்தான் அவசரம்.

அதுவரைக்கும் சார்ஜ் ஏத்திட்டு, கழட்டிட்டு வேலை பாருங்க. டச்பேட் செட்டிங்ஸ்ல "பிஞ்ச் டு ஜூம்" டிக்கை எடுத்துட்டா எக்ஸெல் பெரிசாகிறதாவது நிக்கும்.

இலைக்கணக்கு:
டிக்கை எடுத்தாச்சு. வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை ஆள் அனுப்பறேன்னிருக்கார். இன்னொண்ணு, நாலு விரல்ல டெஸ்க்டாப் மாத்தலாமாமே, எனக்கு அந்த ஆப்ஷனே காணோம்?

குன்னூர்_தம்பி:
சில டச்பேட் மூணு விரலுக்கு மேல எண்ணாதுக்கா. அதுக்குப் பதிலா கீபோர்டுல கண்ட்ரோல், விண்டோஸ் ரெண்டு கீயையும் பிடிச்சுக்கிட்டு இட, வல அம்புக்குறியைத் தட்டுங்க.