ஹால்ஸ்டாட் ஞானஸ்நானப் பதிவேடு: குரென்ட் (பழைய ஜெர்மன்) கையெழுத்து வாசிப்பவர்கள் உதவவும்

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பற்றிய தமிழ்க் கட்டுரையை விரிவாக்குகிறோம். 1311இல் கிடைத்த சந்தை உரிமை, 1607இல் முடிந்த, ஏபன்சே ஊர் வரை சுமார் 40 கி.மீ. ஓடிய உப்புநீர்க் குழாய் எல்லாம் எழுதியாயிற்று. இடறுவது யோஹான் கியோர்க் ராம்சவர் பகுதி.

1846 முதல் 1863 வரை 980 பழங்காலப் புதைகுழிகளைத் தோண்டிய சுரங்க அதிகாரி அவர். ஈசிடோர் எங்கல் வரைந்த நீர்வண்ணப் படங்களால்தான் எந்த வாள் எந்தக் குழியில் கிடந்தது என்று இன்றும் பார்க்க முடிகிறது.

ராம்சவர் பிறந்தது 1795. அந்தக் காலப் பதிவேட்டில் வீட்டு எண், பெற்றோர், ஞானப்பெற்றோர் எனத் தனித்தனிப் பத்திகள் உண்டு. அவருடைய பதிவில், பெற்றோர் பத்தியில் உள்ள தந்தையின் தொழிலைத்தான் வாசிக்க வேண்டும். குரென்ட்டில் 'e'யும் 'n'உம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். 'u'வுக்கு மேல் சிறு வளைவு வரும். சாதாரண ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் மென்பொருள்) இதில் குப்பையைத்தான் தரும்.

எழுத்துக்கு எழுத்து அப்படியே பெயர்த்துத் தாருங்கள். சுருக்கங்களை விரிக்க வேண்டாம், சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி போதும். வாசிக்கத் தெரிந்தவர்கள் கீழே சொன்னால் பெரிய அளவுப் படத்தை அனுப்புகிறோம்.