நாய் காலைத் தூக்கி நின்றால், குளிர் என்று இழுக்காதீர்கள்

கனடா, ஸ்காபரோவிலிருந்து:

ஜனவரி இரவு, வேலை முடிந்து வந்து நாயை வெளியே கூட்டிப்போனேன். எங்கள் அடுக்குமாடி வாசலில் பனியைவிட, அதை உருக்கப் போடும் உப்புத்தான் அதிகம் கிடந்தது. பத்தடி நடந்திருக்கமாட்டான், நின்றுவிட்டான். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். குளிராக்கும் என்று நினைத்து "வாடா" என்று வாரை இழுத்தேன். அந்த இழுப்பை நினைத்தால் இன்றைக்கும் மனம் குறுகுகிறது. வீட்டில் விரல்களை விரித்துப் பார்த்தால், கடலைப்பருப்பு அளவில் ஓர் உப்புக்கல், மயிரோடும் பனியோடும் சேர்ந்து உறைந்து ஒட்டியிருக்கிறது. சுற்றிலும் தோல் வெடித்துச் சிவந்திருந்தது. வெடிப்பில் உப்புப் பட்டால் எப்படி எரியும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா?

நான் தேநீர் போட்டு வருவதற்குள் நான்கு பாதங்களையும் நக்கி முடித்துவிட்டான். இரவு முழுக்கத் தண்ணீர் குடித்தான். விடியற்காலையில் கம்பளத்தில் வாந்தி. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, கொஞ்சம்தான் போயிருக்கிறது, அளவு மிஞ்சினால் நடுக்கம், வலிப்பு வரை வரும் என்றார்.

இப்போது கதவடியில் ஒரு பேசின் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொரு காலாக முக்கி, விரலிடுக்கைத் தடவிக் கழுவி, துவாயால் ஒற்றிவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். வயிற்றடியையும் துடைக்க வேண்டும், அங்கேயும் உப்புத் தெறித்திருக்கும். பூட்ஸும் வாங்கினோம். முதல் நாள் கொக்கு மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி அவன் நடந்ததைப் பார்த்து மகள் சிரித்தது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மொன்றியலிலிருந்து:

எங்கள் பக்கத்து நடைபாதைகளில் வழுக்காமலிருக்கப் பொடிக்கல்லும் போடுகிறார்கள். எரிச்சல் இல்லை, ஆனால் கல் விரலிடுக்கில் சிக்கும். எங்கள் பெண் நாய் பூட்ஸைக் கடித்தே எறிந்துவிட்டாள். ஆகவே புறப்படுமுன் பாதத்துக்கான மெழுகு பூசி, திரும்பியதும் கழுவிவிடுகிறோம்.

எட்மன்டனிலிருந்து:

இங்கே குளிர் −25 பாகைக்கு இறங்கும். சாதாரணக் கல்லுப்பு −10க்குக் கீழே பெரிதாக உருக்காது. அதனால் கால்சியம் குளோரைடு என்ற வேறோர் உப்பைப் போடுவார்கள். அது ஈரம் பட்டதும் சூடாகும். எங்கள் கிழட்டு நாயின் பாதம் புண்ணானது அதில்தான். ஆற இரண்டு வாரம் எடுத்தது. சரி, நாமாவது நல்லதாக வாங்குவோம் என்று கடைக்குப் போய், "செல்லப்பிராணிகளுக்குப் பாதுகாப்பானது" என்று எழுதிய பையை எடுத்தேன். பின்புறம் திருப்பினால் பொடி எழுத்தில் அதே கால்சியம் குளோரைடு! எங்கள் படிகளுக்கு இப்போது மணல்தான். வழுக்காது, கடிக்காது, வீட்டுக்குள் வரும் மணலைக் கூட்டுவது மட்டும் என் தலையில்.

மறுபடி ஸ்காபரோ:

எட்மன்டன்காரர் எழுதியதைப் படித்ததும் கீழே இறங்கி, எங்கள் கட்டடத்துக்காரர் வாசலோரம் வைத்திருக்கும் பையைத் திருப்பிப் பார்த்தேன். முன்னால் வாலாட்டும் நாயின் படம். பின்னால், நீங்கள் சொன்ன அதே பெயர்.