தூங்குகிற நாயைத் தொட்டு ஊசி வாங்கிய கதை. பெங்களூர்க்காரர்களே, உங்கள் அனுபவம் என்ன?

விவேக்நகர் நைட் ஷிஃப்ட்:

நாலு ஊசியில் மூன்று போட்டாயிற்று. 28ஆம் நாள் ஊசி மட்டும் பாக்கி.

கம்பெனி கேப் என்னை விடியற்காலை 5.15க்கு எங்கள் சந்து முனையில் இறக்கிவிடும். வீட்டு கேட்டுக்கு உள்ளே கறுப்பி என்று ஒரு தெரு நாய் படுத்திருக்கும். கீழ்வீட்டு அக்கா சோறு வைத்து வளர்க்கிறார். அன்றைக்கு மொபைல் டார்ச்சில் பார்த்தால் அதன் முன்னங்கால் இரண்டும் ஓடுவதுபோல் துடிக்கின்றன. உதடு ஒரு பக்கம் இழுக்கிறது, மீசை மயிர் நடுங்குகிறது. மூடிய இமைக்குள் கண் இங்கும் அங்கும் ஓடுவது தெளிவாகத் தெரிகிறது. வாயைத் திறக்காமலே ஒரு குரைப்பு வேறு, தலையணைக்குள்ளிருந்து வருகிற மாதிரி. வலிப்புதான் என்று முடிவு கட்டி, குனிந்து தோளைத் தொட்டு "கறுப்பி" என்றேன். அடுத்த நொடி என் கட்டைவிரல் அதன் வாயில்.

பாவம், கண்ணைத் திறந்து யார் என்று பார்த்ததும் காதை மடித்துக்கொண்டு வாலை ஆட்டியது. சத்தம் கேட்டு வந்த அக்கா, "தூங்குற நாயைப் போய்த் தொடுவாங்களா தம்பி? அது கனவுல யாரையோ தொரத்திட்டிருக்கும்" என்றார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்ற ரோஷத்தில் அதற்கப்புறம் கொஞ்சம் படித்தேன்.

கண் ஓடும் இந்தத் தூக்கத்தை 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் மனிதர்களிடம் கண்டு எழுதினார்கள். ரெம் தூக்கம் என்கிறார்களே, அதுதான். அந்த நேரத்தில் பெருமூளை கிட்டத்தட்ட விழித்திருக்கிற மாதிரியே பரபரப்பாக இருக்கும். உடம்பு எழுந்து ஓடிவிடாமல் இருக்க, மூளைத்தண்டு தசைகளுக்குப் போகும் கட்டளைகளை வழியிலேயே அடக்கி வைக்கிறது. கறுப்பியின் கால் துடித்தது அந்த அடைப்பையும் மீறிக் கசிந்தவை. பிரான்ஸில் மிஷெல் ஜூவே என்பவர் 1960களில் பூனைகளின் மூளைத்தண்டில் இந்த அடைப்பு வேலையைச் செய்யும் சிறு இடத்தைச் சிதைத்துப் பார்த்தார். அந்தப் பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து, அங்கே இல்லாத எதையோ பதுங்கிப் பாய்ந்து தாக்கின. படித்ததும் கட்டைவிரலை ஒரு தடவை தடவிக்கொண்டேன்.

இந்த மாதிரி பக்கத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள். கூடவே ஒரு புலம்பல்: எனக்குப் பகலில் நாலு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வருவதில்லை.

ஸ்ரீராம்புரம் பால்கார வீடு:

எங்கள் வீட்டில் மூன்று மாடு. "மாடு நின்னுக்கிட்டே தூங்கும்" என்று பலரும் சொல்வார்கள், ராத்திரி தொழுவத்தில் இருந்து பார்க்காதவர்கள். மாடு படுத்து, கண்ணைப் பாதி மூடி, அசைபோட்டுக்கொண்டே கிடக்கும். அது தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. எங்கள் அப்பா அதை "மயக்கம்" என்பார். நிஜத் தூக்கம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம்தான், அதுவும் துண்டு துண்டாக.

அண்ணா சொன்ன அந்தக் கண் ஓடும் தூக்கம் எப்போது என்று எனக்குத் தெரியும். அசைபோடுவது நிற்கும். தலையைத் திருப்பி விலாவில் சாய்த்து வைத்துக்கொள்ளும். கழுத்துத் தசை தளர்ந்துபோவதால் தலையை எதிலாவது வைத்தே ஆகவேண்டும். சில நிமிஷம்தான், அப்புறம் தலை நிமிர்ந்துவிடும். குதிரைக்கு நின்றபடி காலைப் பூட்டிக்கொள்ளும் வசதி உண்டு, நின்றே கண் அயரும். ஆனால் இந்தத் தூக்கத்துக்கு அதுவும் படுத்தாக வேண்டும். தொழுவம் சேறாகிப் படுக்க இடம் இல்லாமல் போனால் மாட்டுக்கு இதுதான் முதலில் போகும். போன மழையில் எங்களுக்கு அப்படி ஆனது. மாடு நின்றே இருந்தது, மறுநாள் கறக்கும்போது எரிச்சலில் உதைத்தது.

ஜே.பி. நகர், ஒரு லாப்ரடார் வீட்டில்:

எங்கள் பையனுக்கு (நாய்தான்) சொறி வந்து டாக்டர் அரிப்பு மாத்திரை கொடுத்தார். இரண்டு நாள் சோபாவுக்கு அடியிலிருந்து எழவே இல்லை, வாசலில் மணி அடித்தால்கூட. பயந்துபோய் போன் செய்தேன். மூளையில் விழிப்பைக் காக்கிற நரம்பணுக்களில் ஒரு கூட்டம் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைச் சுரந்துதான் வேலை செய்கிறதாம், இந்த வகை மாத்திரை தோலில் அரிப்பை அடக்குவதோடு அங்கேயும் போய்க் கையை வைத்துவிடுகிறதாம். நமக்குச் சளி மாத்திரை போட்டால் தூங்கி வழிகிறதே, அதே கதை.

அல்சூர் டீச்சர்:

30 வருஷம் விலங்கியல் நடத்தியவள் நான். மூளையைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன், ஆனால் தூக்கம் எங்கே இருக்கிறது என்று கையில் வைத்துப் பார்த்தது ஓய்வுபெற்ற பிறகு, சமையலறையில்.

பேரனுக்கு ஆட்டு மூளை வறுவல் பிடிக்கும். ரசல் மார்க்கெட் பக்கம் வழக்கமான கடையில், கொத்தாமல் முழுசாக எடுத்துத் தரச் சொல்லி வாங்கி வருவேன். மஞ்சள் தண்ணீரில் போடுவதற்கு முன் ஒரு நாள் தட்டில் வைத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம், நடுவில், பெருக்கல் குறி போட்ட மாதிரி வெள்ளையாக ஒன்று. இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடம். அதற்கு நேர் மேலேதான் உடம்பின் கடிகாரம் இருக்கிறது. மனிதனில் அது சுமார் 20,000 நரம்பணுக்கள். கண்ணுக்குத் தெரியாது, இடத்தைத்தான் காட்ட முடியும். வெளிச்சம் வரும் வழியிலேயே கடிகாரத்தை மாட்டி வைத்திருக்கிறது பாருங்கள்.

பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே விரலால் மெல்ல விலக்கினால் துவரம்பருப்பு மாதிரி ஒன்று தட்டுப்படும். பீனியல் சுரப்பி. ராத்திரி என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனை இருட்டில் சுரப்பது இது. கடிகாரத்துக்கும் இதற்கும் இடையில் இரண்டு விரல் தூரம்கூட இல்லை. ஆனால் சேதி நேராகப் போகாது. மூளையை விட்டுத் தண்டுவடத்துக்கு இறங்கி, கழுத்து நரம்பு முடிச்சைத் தொட்டு, மறுபடி மேலேறி வரும். சிவாஜிநகரிலிருந்து அல்சூர் வர மெஜஸ்டிக் சுற்றி வருகிற பஸ் மாதிரி.

அந்தப் பெருக்கல் குறிக்குப் பின்னால் சின்னதாக ஒரு புடைப்பு. ஹைபோதலாமஸ். தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு மூளைக்காய்ச்சல் பரவியது. பெரும்பாலானவர்கள் நாள்கணக்கில் தூங்கினார்கள். சிலருக்கோ தூக்கமே வரவில்லை. வியன்னாவில் கான்ஸ்டான்டின் வான் எகனாமோ, இறந்தவர்களின் மூளைகளைப் பார்த்தார். தூங்கியே கிடந்தவர்களுக்கு இந்தப் பகுதியின் பின்பக்கம், நடுமூளையோடு சேரும் இடத்தில் கெட்டிருந்தது. தூங்க முடியாதவர்களுக்கு முன்பக்கம் கெட்டிருந்தது. அப்படியானால் முன்னால் இருப்பது தூங்கவைக்கிறது, பின்னால் இருப்பது விழிக்கவைக்கிறது என்றார். தூங்கவைக்கும் அந்த நரம்பணுக் கூட்டத்தை 1996இல்தான் எலியின் மூளையில் அடையாளம் கண்டார்கள். விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்ஸின் என்ற மூளை வேதிப்பொருள் 1998இல் கிடைத்தது. அடுத்த வருஷமே அதைப் பெறும் இடம் பழுதான டாபர்மேன் நாய்களைப் பற்றித் தெரிந்தது. பிடித்த தீனியைக் காட்டினால் சந்தோஷத்தில் கால் தளர்ந்து அப்படியே சரிந்து விழும் நாய்கள் அவை. கறுப்பியின் அடைப்பு தூங்கும்போது விழுகிறது, இவற்றுக்கு விழித்திருக்கும்போதே விழுந்துவிடுகிறது.

இதையெல்லாம் பேரனிடம் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் கொதித்து வற்றிவிட்டது. "பாட்டி, இதைச் சாப்பிட்டா தூக்கம் வருமா?" என்றான். சவ்வை உரித்து, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுத் தூங்கினான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் எதைச் சாப்பிட்டாலும் தூங்குவான்.

சந்தேகப் பேர்வழி:

நாய்க்குக் கனவு வருகிறது என்று அந்த அக்கா சொன்னால் ஒத்துக்கொள்வதா? கால் ஆடினால் கனவா?

அல்சூர் டீச்சர்:

நாயைக் கேட்க முடியாது என்பது உண்மை. ஆனால் 2001இல் அமெரிக்காவில், எலிகளை ஒரு வளையப் பாதையில் ஓடவிட்டு அவற்றின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற ஞாபகப் பகுதியில் எந்த நரம்பணு எந்த வரிசையில் துடிக்கிறது என்று பதிந்தார்கள். பிறகு எலி ரெம் தூக்கத்தில் இருக்கும்போது அதே வரிசை, ஏறக்குறைய அதே வேகத்தில் திரும்ப ஓடியது. கனவா இல்லையா என்று நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெப்பால், ஈ மேய்ப்பவள்:

நாய், மாடு எல்லாம் பெரிய இடம். நான் ஒரு ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்களைத் தூங்கவைக்கிற வேலையில் இருக்கிறேன். கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, அதே ஈ. மூளையில் சுமார் 1,40,000 நரம்பணுக்கள்தான்.

பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் தடித்த கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் சர்க்கரை உணவு, மறு முனையில் பஞ்சு, நடுவில் ஒரே ஒரு ஈ. மயக்கிய ஈயை மெல்லிய பிரஷ் நுனியால் தள்ளி உள்ளே விடவேண்டும். கை நடுங்கினால் இறக்கை உணவில் ஒட்டிக்கொள்ளும், அந்த ஈ அவ்வளவுதான். இப்படி 32 குழாய்களை ஒரு பலகையில் அடுக்குவோம். ஒவ்வொன்றின் நடுவிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். ஐந்து நிமிஷம் ஈ அதைக் கடக்காவிட்டால் தூக்கம் என்று கணக்கு. ஆண் ஈ மத்தியானம் பெண் ஈயைவிட அதிகமாகத் தூங்கும். இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு தடவை விளக்கின் டைமர் கெட்டு, மூன்று நாள் ராத்திரி பகலாக எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ராத்திரியும் இல்லை, மத்தியானத் தூக்கமும் இல்லை, எல்லாம் கலைந்த எறும்புப் புற்று மாதிரி. இரண்டு வார வேலை குப்பையில். யாருடைய டைமர் என்பதில் இன்னும் சண்டை.

அண்ணாவின் புலம்பலுக்கு வருகிறேன். ராத்திரி முழுதும் குழாயை ஆட்டி ஆட்டி ஈயைத் தூங்கவிடாமல் செய்தால், மறுநாள் காலை வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கும். கடன் அடைக்கிற மாதிரி. அது ஒரு கணக்கு. கடிகாரம் தனிக் கணக்கு. ஈயின் கடிகாரத்தில் பீரியட் என்ற மரபணு 1971இல் கிடைத்தது, அந்தக் கடிகாரத்தின் உள்வேலையைக் கண்டவர்களுக்கு 2017இல் நோபல். காலை ஆறு மணிக்கு நீங்கள் படுக்கும்போது கடன் தலைக்கு மேல் இருக்கிறது, அதனால் உடனே தூக்கம் வருகிறது. பத்து மணிக்குள் பாதிக் கடன் அடைந்துவிடுகிறது, கடிகாரமோ "விடிந்து எவ்வளவு நேரமாச்சு, எழுந்திரு" என்கிறது. நாலு மணி நேரத்தில் முழிப்பு வராமல் என்ன செய்யும்?

அப்புறம், ஷிஃப்டில் கடைசி காபி எத்தனை மணிக்கு? விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தை அழுத்தும். காஃபீன் அது உட்காரும் நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். குடித்ததில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். காபி கொடுத்தால் எங்கள் ஈயும் தூங்காது.

மல்லேஸ்வரம், சொந்த ஊர் திண்டுக்கல்:

தேவாங்கு பார்க்கக் கடவூர் மலைக்குப் போகவேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். 2022இல் அதைச் சரணாலயமாகவும் அறிவித்தார்கள். நான் முதன்முதலில் தேவாங்கு பார்த்தது பெங்களூரில், டாடா இன்ஸ்டிட்யூட் (இந்திய அறிவியல் கழகம்) வளாகத்து மரத்தில். கூட்டிப் போன நண்பர் டார்ச்சில் சிவப்புக் காகிதம் கட்டியிருந்தார். விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல் கடிகாரத்துக்குச் சேதி சொல்வதற்கென்றே சில நரம்பணுக்கள் உண்டு, அவை நீல வெளிச்சத்துக்குத்தான் அதிகம் மசியும், சிவப்பு அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது என்றார். கிளைக்குள் இரண்டு கண் தணல் மாதிரி திரும்பின. மறுநாள் பகலில் அதே பக்கம் போனோம். கொடிப் புதருக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பந்து. தலையைத் தொடைக்கு நடுவே புதைத்து, கைகால்களால் கிளையைப் பிடித்தபடியே தூக்கம். நமக்குப் பகல் அதற்கு ராத்திரி. நைட் ஷிஃப்ட் அண்ணாவுக்கு வாய்க்காத கடிகாரம்.

விவேக்நகர் நைட் ஷிஃப்ட்:

டீச்சருக்கு வணக்கம். ஈ மேய்க்கும் தங்கைக்கு: கடைசி காபி நாலு மணிக்கு, கேப் ஏறும் முன். ஆமாம், டபுள் ஸ்ட்ராங். இன்றைக்கு இரண்டு மணியோடு நிறுத்தினேன், தலை வலிக்கிறது. ஜன்னலுக்கு அடர்த்தியான திரை வாங்கியாயிற்று, மாட்டுவதற்குக் கம்பிதான் இல்லை. கறுப்பி கேட் பக்கம் படுத்திருக்கிறது, மீசை ஆட ஆரம்பித்துவிட்டது. நான் சுவரோரமாகச் சுற்றி மாடிப்படி ஏறிவிட்டேன்.