கும்பகோணம் – மூன்று நாள் – நவக்கிரகத் தலங்களும் கடற்கரையும்: பட்டியல் ஒத்துவரவில்லை, வழி சொல்லுங்கள்

கோவை மகள்:

வணக்கம். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜன் சதாப்தி ரயிலில் கோவையிலிருந்து கும்பகோணம் வருகிறோம். மதியம் இறங்கி, திங்கள் பிற்பகல் ரயிலில் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு எழுபது வயது. முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், அதிகம் படி ஏற முடியாது. எங்கள் மகனுக்கு 12 வயது, மகளுக்கு 8. அம்மாவின் ஆசை நவக்கிரகத் தலங்கள் ஒன்பதும். பிள்ளைகளின் ஆசை கடலும் கோட்டையும். எனக்குச் சோழர் கோயில்களான தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் பார்க்க வேண்டும்.

நான் போட்ட பட்டியல்:

வெள்ளி மாலை: ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சுவாமிமலை.
சனி: சூரியனார் கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், பூம்புகார், தரங்கம்பாடி, திருநள்ளாறு.
ஞாயிறு: திங்களூர், திருவையாறு, தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம்.
திங்கள் காலை: பிச்சாவரம் (அலையாத்திக் காட்டில் படகு) போய்வந்து ரயில்.

வாடகைக் கார் பேசியபோது ஓட்டுநர் சனிக்கிழமைப் பட்டியலைக் கேட்டுவிட்டு, "இது நடக்காதும்மா" என்று சொல்லிவிட்டார். தூரங்களைக் கூட்டிப் பார்த்தால் அப்படி ஒன்றும் அதிகமில்லை. எங்கே இடிக்கிறது? இன்னொன்று: சூரியனில் தொடங்கிக் கேதுவில் முடிக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார். இந்த வரிசை கட்டாயமா?

காவிரிக்கரை:

ஓட்டுநர் சொன்னது சரி சகோதரி. இடிப்பது தூரத்தில் இல்லை, நடை சாத்தும் நேரத்தில். இந்தப் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலானவற்றில் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் நடை சாத்தி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். காலையில் மூன்று கோயில், மாலையில் ஒன்று அல்லது இரண்டு. வயதானவர்களோடு வந்தால் அதற்கு மேல் எண்ணாதீர்கள். நடுவில் இருக்கும் அந்த நான்கு மணி நேரத்தைக் கடலுக்கும் கோட்டைக்கும் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் பங்கு அதுதான்.

அடுத்தது கிழமை. சனிக்கிழமை திருநள்ளாறு வேண்டவே வேண்டாம். சனீஸ்வரருக்கு உரிய நாள். அம்மாவால் அந்த வரிசையில் நிற்க முடியாது. சனியையும் ஞாயிறையும் மாற்றிப் போடுங்கள். வெள்ளி மாலையில் ஆலங்குடி இருப்பது நல்லது. குருவுக்குரிய வியாழனில் அங்கே கூட்டம் நெரியும்.

கடற்கரை நாளை இப்படி வையுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு வைத்தீஸ்வரன் கோயில். செவ்வாய்த் தலம் என்று அங்காரகனை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிடாதீர்கள். முத்துக்குமார சுவாமியும் தையல்நாயகியும் அங்கே உண்டு. அம்மாவுக்கு அங்கே பிரசாதமாகத் தரும் மருந்து உருண்டையான திருச்சாந்துருண்டை வாங்கிக் கொடுங்கள். அடுத்து புதன் தலமான திருவெண்காடு, பதினொரு மணிக்குள் கேது தலமான கீழப்பெரும்பள்ளம். அங்கிருந்து பூம்புகார் கூப்பிடு தூரம். கடலைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலோரத்திலேயே நிற்கிறது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கியதும், பிறகு தமிழ் எழுத்தில் நூல்கள் அச்சானதும் அந்த ஊரில்தான். உங்கள் மகனுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள். பக்கத்திலேயே கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது, பாண்டியர் காலத்தது. மூன்றரைக்குக் கிளம்பினால் திருநள்ளாற்றில் மாலை நடை திறந்திருக்கும்.

திருநள்ளாறு புதுச்சேரியின் காரைக்கால் மாவட்டத்தில் இருக்கிறது. வெளிமாநில நுழைவுக்கான அனுமதிச் செலவு வாடகையில் சேர்த்தியா என்று ஓட்டுநரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நளதீர்த்தத்தில் குளித்தால் உடுத்திய துணியைக் குளத்தில் விட்டுவிடாதீர்கள். அந்தத் தண்ணீரைக் கெடுத்துத் தீர்கிற தோஷம் எதுவும் இல்லை.

பயணப் பிரியன்:

ஒன்பதும் ஒரே நாளில் முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்திலிருந்து வார இறுதிகளில் நவக்கிரகச் சிறப்புப் பேருந்து விடுகிறது. விடியற்காலையில் கிளம்பி இரவுக்குள் ஒன்பதையும் முடித்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். அதில் போய்விட்டால் மற்ற நாட்கள் முழுக்க உங்களுக்கு மிஞ்சும்.

காவிரிக்கரை:

தனியாள் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன், தம்பி. முழங்கால் வலியோடு ஒரே நாளில் ஒன்பது முறை இறங்கி ஏறுவது கடினம். பேருந்தில் எல்லோரும் திரும்பிவிட்ட பிறகு அந்த அம்மா மட்டும் பிராகாரத்தில் அவசரப்பட வேண்டியிருக்கும். அது தரிசனம் ஆகாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

அம்மாவின் வரிசைக் கேள்விக்கு நான் சொல்கிறேன். இவை எல்லாமே, சூரியனார் கோயில் நீங்கலாக, சிவாலயங்கள். கிரகங்களுக்கு அங்கே தனிச் சன்னதி அல்லது சிறப்பு. திருநள்ளாற்றில் மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர். மதுரையில் சமணர்களோடு நடந்த அனல் வாதத்தின்போது சம்பந்தர் நெருப்பில் இட்டு வேகாமல் எடுத்த பச்சைப் பதிகம் இந்த ஊர்ப் பதிகம்தான். இந்த ஊர்கள் கிரக வரிசைப்படி அமைந்தவையும் அல்ல. சந்திரனின் திங்களூர் தஞ்சாவூர்ப் பக்கம், கேதுவின் கீழப்பெரும்பள்ளம் பூம்புகார்ப் பக்கம். வரிசைப்படி போனால் அம்மாவைக் குறுக்கும் நெடுக்கும் காரில் அலைக்கழிப்பதாகத்தான் முடியும். அப்பர் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைத்த அப்பூதியடிகளின் ஊர் திங்களூர் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வரிசையை மறந்து அவரே கிளம்பிவிடுவார்.

சூரியனார் கோயிலுக்கு முன் திருமங்கலக்குடியில் பிராணநாதேஸ்வரரை வணங்கிவிட்டுப் போவது வழக்கம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். வழக்கம் பார்ப்பதானால் இதைப் பாருங்கள்.

திருநாகேஸ்வரத்தைத் திங்கள் காலைக்கு மாற்றுங்கள். அன்று ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. ராகு பகவானுக்குப் பாலாபிஷேகம் அந்த நேரத்தில்தான். பால் திருமேனியில் படும்போது நீலமாகிறது என்று பக்தர்கள் கண்குளிரப் பார்ப்பார்கள். ஏழு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். அது முடிந்து திருமங்கலக்குடி, சூரியனார் கோயில், சுக்கிரன் தலமான கஞ்சனூர். பதினொன்றரைக்குள் மூன்றும் ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறலாம்.

கோவை மகள்:

எல்லோருக்கும் நன்றி. பிச்சாவரத்தை எடுத்துவிட்டேன். கங்கைகொண்ட சோழபுரத்தை எடுக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை தஞ்சாவூரோடு அதைச் சேர்க்க வழியே இல்லையா? சுவாமிமலையில் படி எவ்வளவு?

ஓய்வுபெற்ற ஆசிரியை:

சுவாமிமலையில் அறுபது படிகள். தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயர் அவற்றுக்கு. வெயில் ஏறுமுன் போய், பத்துப் படிக்கு ஒருமுறை நின்று அம்மாவை ஏற்றுங்கள். முடியவில்லை என்றால் கீழே சுந்தரேஸ்வரர், மீனாட்சி சன்னதிகள் இருக்கின்றன. வற்புறுத்த வேண்டாம்.

காவிரிக்கரை:

கங்கைகொண்ட சோழபுரம் கும்பகோணத்துக்கு வடக்கே, கொள்ளிடம் தாண்டி. தஞ்சாவூர் மேற்கே. ஒரே நாளில் இரண்டையும் போட்டால் இரண்டு கோயிலும் புகைப்படத்தோடு முடிந்துவிடும். ராசராசன் 1010இல் முடித்த விமானத்தையும் மகன் ராசேந்திரன் எழுப்பியதையும் அப்படிப் பார்க்கக் கூடாது என்பது என் பிடிவாதம். கங்கைகொண்ட சோழபுரத்தைச் சிதம்பரம், பிச்சாவரத்தோடு சேர்த்து இன்னொரு முறை வாருங்கள். அந்த மூன்றும் ஒரே பக்கம். சிதம்பரத்தில் நடை சாத்தியிருக்கும் பகலில் பிச்சாவரத்துப் படகு பொருந்தும்.

சனிக்கிழமை காலையில் சுவாமிமலை. இறங்கியதும் அங்கே ஒரு சிற்பப் பட்டறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் வார்ப்பதை நேரில் பார்க்கலாம். அதே சாலையில் திங்களூர், திருவையாறு. மதியம் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள். காலையில் பட்டறையில் பார்த்ததன் பழைய உச்சம் அங்கே இருக்கிறது. பெரிய கோயிலுக்கு நான்கரைக்கு மேல் போங்கள். பகலில் முற்றத்துக் கல் காலைப் பொசுக்கும். அம்மாவுக்குக் கனமான காலுறை எடுத்து வையுங்கள்.

வெள்ளி மாலை நான்கு மணிக்குத் தாராசுரம், பிறகு ஆலங்குடி. தாராசுரத்தில் குதிரைகள் இழுக்கும் தேர் மண்டபத்திலேயே நின்றுவிடாதீர்கள். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி நாயன்மார் வரலாறு சாண் அளவுச் சிற்பங்களாக இருக்கிறது. குனிந்து பார்க்க வேண்டும். எட்டு வயது மகளுக்கு அது சரியான உயரம்.

கோவை மகள்:

ஓட்டுநரிடம் புதிய பட்டியலைப் படித்துக் காட்டினேன். "இது நடக்கும்" என்றார். அனுமதிச் செலவு தனி என்று இப்போதே சொல்லிவிட்டார். அம்மாவும் வரிசையை விட்டுவிட்டார், ஆனால் திருமங்கலக்குடி கட்டாயம் வேண்டுமாம். மாசி மகத்துக்கும் சிவராத்திரிக்கும் கும்பகோணத்தில் அறை கிடைக்காது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதால், பஞ்சாங்கம் பார்த்து இரண்டும் வராத வாரத்தில் டிக்கெட் போடுகிறேன்.