மின்பலகைக்கும் சோலர் பனலுக்கும் எந்த வெப்பக் கமரா?

கேட்டவர்: கொக்குவில் மின்னிணைப்பாளர்

வணக்கம். வீட்டு வயரிங் வேலையுடன் இப்போது கூரைச் சோலர் பராமரிப்பும் செய்து வருகிறேன். பிரேக்கர் முனைகளில் திருகாணி தளர்ந்து சூடேறுவதையும் பனலில் ஏதேனும் ஒரு கலம் தனியே கொதிப்பதையும் தொடாமலே கண்டுபிடிப்பதற்குக் கையடக்க வெப்பக் கமரா ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கிடைக்கின்றன: பெட்டியில் 640×480 என்று பெரிதாக அச்சிட்ட ஒரு கைக்கமரா; கைத்தொலைபேசியில் செருகிப் பார்க்கும் 256×192 அலகு. அந்த விலைக்கு 640×480 எப்படிக் கட்டுபடியாகிறது என்பதே என் ஐயம்.

பதில்: பருத்தித்துறை, குளிர் அறை திருத்துநர்

அந்த எண் பெரும்பாலும் திரையினுடையதாக இருக்கும். உள்ளே இருக்கும் வெப்ப உணரியின் பிக்சல் எண்ணிக்கையைத் தனியாகக் கேளுங்கள். 160×120 அல்லது அதற்கும் குறைவாக இருந்தாலும் வியப்பதற்கில்லை. 50 பாகைப் பார்வைக் கோணமுள்ள வில்லையுடன் ஒரு மீற்றர் தூரத்தில் நின்றால், 160 பிக்சல் உணரியில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 6 மில்லிமீற்றரை மூடும். நம்பத்தக்க வெப்பநிலை கிடைக்க மூன்றுக்கு மூன்று பிக்சலாவது வேண்டும் என்பதால், 18 மில்லிமீற்றருக்குச் சிறிய பொருளின் சூட்டைக் கமரா சுற்றுப்புறத்துடன் கலந்து குறைத்தே காட்டும். பிரேக்கர் திருகாணி அதைவிடச் சிறியது. 256 பிக்சலில் இதே கணக்கு 11 மில்லிமீற்றராகிறது. அரை மீற்றருக்குக் கிட்டப் போனால் அதுவும் பாதியாகும்.

விநாடிக்கு 9 படங்களுக்கு மேல் ஓடவில்லை என்று குறைப்பட வேண்டாம். ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் காரணமாகப் பல நிறுவனங்கள் வேண்டுமென்றே அந்த அளவில் நிறுத்துகின்றன.

பதில்: சுன்னாகம், ஓய்வுபெற்ற மின் மேற்பார்வையாளர்

தம்பி, பிக்சல் கணக்கு சரிதான். ஆனால் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை கமராவால் வந்தவை அல்ல. மினுங்கும் செப்புப் பட்டையும் அலுமினியமும் வெப்பக் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும். கமராவில் தெரிவது எதிரே நிற்கும் உங்கள் உடம்பின் பிரதிபலிப்பாகவும் இருக்கலாம். மெயின் சுவிட்சை நிறுத்தி, பட்டையில் கறுப்பு இன்சுலேசன் ரேப் துண்டொன்றை ஒட்டி, கமராவில் எமிசிவிட்டியை (ஒரு பரப்பு வெப்பக் கதிரை எவ்வளவு வெளிவிடும் என்பதைக் குறிக்கும் எண்) 0.95 என அமைத்துவிட்டு மீண்டும் மின்னைக் கொடுத்து அந்தத் துண்டையே அளவிடுங்கள். எமிசிவிட்டியை மாற்ற இடமில்லாத கமராவை, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

இன்னொன்று, சுமை. இணைப்பில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், பாதிச் சுமையில் அது கால்வாசிதான். வீட்டில் ஆளில்லாத காலை வேளையில் படம் பிடித்து "எல்லாம் சரி" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பனலைப் பார்ப்பதற்கோ நல்ல வெயில் வேண்டும். கண்ணாடியைச் சரிவாகப் பார்த்தால் வானமும் முகிலும் பிரதிபலிக்கும். இயலுமான இடங்களில் பனலின் அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள்.

பதில்: நல்லூர், சோலர் பொருத்துநர்

தொலைபேசி அலகில் எனக்கு உடன்பாடில்லை. படம் நன்றாகவே வரும். ஆனால் ஏணியில் நின்று ஒரு கையால் தொலைபேசியைப் பிடிப்பது சிரமம், நண்பகல் வெயிலில் தொலைபேசியே சூடாகித் திரை மங்கிவிடும், தொலைபேசியை மாற்றினால் செருகியோ செயலியோ பொருந்தாமலும் போகலாம். சற்றுக் கூடுதலாகச் செலவழித்து 256×192 கைக்கமராவையே தேடுங்கள். பாதியாக வெட்டிய கலங்களைக் கொண்ட பனல்களை ஐந்து மீற்றரிலிருந்து பார்க்க 160 போதாது.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. கடையில் கேட்டேன், 640×480 திரையின் அளவுதான், உணரி 160×120. எமிசிவிட்டியை மாற்றும் வசதியுள்ள 256×192 கைக்கமரா ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ரேப் ஏற்கெனவே பையில் இருக்கிறது.